புதிய நோயாளிகளில் எத்தனை பேர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடிய வைரஸ் பரவல்களை விஞ்ஞானிகள் எப்படி ஆராய்ந்து அடக்குகிறார்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தை ஒட்டி இதை எழுதுகிறோம். ஆய்வகம், மரபணு வரிசை, காற்றடைத்த பாதுகாப்பு உடை ஆகியவை பற்றி எழுதியிருந்தவை பெரும்பாலும் சரியானவை. ஆனால் விடுபட்ட ஒன்று, எழுதப்பட்ட எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் வாசகர், வைரஸ் இன்னதென்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நினைப்பார். களத்தில் வேலை தொடங்குவதே அப்போதுதான். நோட்டுப் புத்தகம், தெர்மாமீட்டர், வீடு வீடாக நடை என்று அதில் படம் பிடிக்க ஒன்றும் இருக்காது.

2022 செப்டம்பர் 20 அன்று உகாண்டாவில் எபோலா பரவல் அறிவிக்கப்பட்டது. அது சூடான் வகை. அந்த வகைக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஆய்வுநிலையில் இருந்த தடுப்பூசிகள் டிசம்பரில் வந்து இறங்கியபோது, சோதித்துப் பார்க்கப் புதிய நோயாளிகளே இல்லை. 2023 ஜனவரி 11 அன்று பரவல் முடிந்ததாக அறிவித்தார்கள். உறுதியான பாதிப்பு 142; அவர்களில் 55 பேர் உயிரிழந்தனர். அதற்கு முன், 2018 ஆகஸ்டில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே தொடங்கிய எபோலா பரவலுக்கு நல்ல தடுப்பூசி கையில் இருந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது போடப்பட்டது. அப்படியும் அடங்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பாதிப்பு 3,470, உயிரிழப்பு 2,287.

கிழக்கு காங்கோவில் ஆயுதக் குழுக்களின் சண்டை, சிகிச்சை மையங்கள் மீது தாக்குதல், அரசின் மீது அவநம்பிக்கை எல்லாம் சேர்ந்திருந்தன. ஆகவே இரண்டையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் சண்டையும் அவநம்பிக்கையும் வைரஸுக்கு எந்த வழியில் உதவின? நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்களின் பட்டியலை முழுமையாகப் போட முடியவில்லை. பட்டியலில் இருந்தவர்களையும் நாள் தவறாமல் போய்ப் பார்க்க முடியவில்லை. புதிதாக நோய் கண்டவர்களில் பலர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்.

எனவே அடுத்த முறை ஒரு பரவல் பற்றிச் செய்தி வெளியிடும்போது, மொத்தப் பாதிப்பு, மொத்த உயிரிழப்பு என்ற இரண்டு எண்களோடு மூன்றாவதாக ஓர் எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: இன்று நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் நேற்றே தொடர்புப் பட்டியலில் இருந்தார்கள்? பத்துப் பேருக்கு உறுதியாகி, ஒன்பது பேர் பட்டியலில் இருந்தவர்கள் என்றால், எண்ணிக்கை ஏறினாலும் பரவல் பிடிக்குள் இருக்கிறது. மூன்றே பேருக்கு உறுதியாகி, மூவரும் பட்டியலில் இல்லாதவர்கள் என்றால், கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகள் குறைந்தது ஒன்று, அதிகபட்சம் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. தலைப்புச் செய்தியில் இந்த மூன்று, அந்தப் பத்தைவிட ஆறுதலாகத் தெரியும்.

பட்டியல் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எபோலாவில், அறிகுறி தோன்றும் முன் ஒருவர் பிறருக்கு நோயைத் தருவதில்லை. எனவே முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து, அவர் தனிமைப்படுத்தப்பட்ட நேரம் வரை ஒவ்வொரு நாளும் விசாரிக்கப்படும். எங்கே படுத்திருந்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள், வாந்தியை யார் துடைத்தார்கள், துணியை யார் துவைத்தார்கள், எந்த வாகனத்தில் யாரோடு போனார், எங்கே ஊசி போட்டுக்கொண்டார், எந்த வரிசையில் காத்திருந்தார். ‘யாரையெல்லாம் சந்தித்தீர்கள்?’ என்று மொத்தமாகக் கேட்டால் நான்கு பெயர் வரும். ஒரு நாளை எடுத்துக்கொண்டு காலை, மதியம், இரவு என்று கேட்டால் பதினைந்து வரும். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் அவரைக் கவனித்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் மறந்ததையோ மறைத்ததையோ இன்னொருவர் சொல்வார். வீட்டில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் பட்டியல் பாதியே. நோயாளி தனிமைப்படுத்தப்படும் முன் படுத்திருந்த பொது வார்டின் பதிவேடு, அன்று பணியில் இருந்த துப்புரவுப் பணியாளர்கள், பக்கத்துக் கட்டில்காரர், அவருக்குத் துணைக்கு வந்தவர் எல்லாரும் அதில் வர வேண்டும். மிக அதிகம் விடுபடுபவர்கள் துணைக்கு வந்தவர்கள்தான். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாள் 0. அதற்கு மறுநாள் 1. அங்கிருந்து 21 நாட்கள், எபோலாவின் நோய் அரும்பும் காலத்தின் மேல் எல்லை அது. நாளுக்கு இருமுறை வெப்பநிலை பார்க்கப்படும். அந்த 21 நாட்களுக்குள் அதே வீட்டில் இன்னொருவருக்கு நோய் வந்தால், அவரோடு பழகிய மற்ற எல்லாருக்கும் எண்ணிக்கை மறுபடி 0-இலிருந்து தொடங்க வேண்டும். களத்தில் அடிக்கடி நடக்கும் பிழை இது: பழைய அட்டையில் பழைய கணக்கே ஓடி, 22ஆம் நாள் ஆளை விட்டுவிடுவார்கள். இன்னொரு பிழை, நேரில் போகாமல் தொலைபேசியில் ‘காய்ச்சல் இல்லையே?’ என்று கேட்டுவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று குறிப்பது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல் காட்டாது. ஆகவே வெப்பநிலையோடு, என்ன மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்றும் கேட்க வேண்டும். பணியாளர் எட்டி நின்று, தொடாத வெப்பமானியால் பார்ப்பார். கண்காணிப்பில் உள்ள குடும்பத்துக்கு உணவும் தண்ணீரும் கூலியிழப்புக்கு ஈடும் போய்ச் சேரவில்லை என்றால் ஐந்தாம் நாள் வீடு காலியாக இருக்கும். அதற்கு அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘தொடர்பில் இருந்தவர்களில் 95 சதவீதம் பேரைக் கண்காணிக்கிறோம்’ என்ற அறிக்கையைக் கண்டு ஏமாற வேண்டாம். ஒரு நோயாளிக்கு மூன்று பேரை மட்டும் எழுதிவிட்டு மூவரையும் பார்த்தால் அது 100 சதவீதம்! மொத்தத் தொடர்புகளை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை இரண்டு மூன்று என்று வந்தால் கண்காணிப்பு நன்றாக நடப்பதாகப் பொருளில்லை, விசாரணையே நடக்கவில்லை.

ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா சாட்சி. 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த பயணி ஒருவர் நோயுற்ற நிலையில் லாகோஸ் வந்திறங்கினார். முதலில் மலேரியா என்று கருதப்பட்ட அவருக்கு எபோலாவாக இருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர் அமேயோ அடடெவோ, அவரை வெளியே அனுப்பச் சொல்லி வந்த நெருக்கடிக்குப் பணியாமல் மருத்துவமனையிலேயே இருத்தினார். பின்னர் அந்த நோய்க்கு அவரும் பலியானார். பட்டியலில் இருந்த ஒருவர் கண்காணிப்பை மீறி போர்ட் ஹார்கோர்ட் நகருக்குப் போய் அங்கே ஒரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். அந்த ஒரு மருத்துவர் நோயுற்றதால் மட்டும் 500-க்கும் மேற்பட்ட புதிய பெயர்கள் பட்டியலில் சேர்ந்தன. மொத்தம் 894 பேர் பின்தொடரப்பட்டார்கள்; வீடு தேடிச் சென்ற சந்திப்புகள் ஏறத்தாழ 18,500. பாதிப்பு 20, உயிரிழப்பு 8 என்பதோடு நின்றது. அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த அவசரச் செயல்பாட்டு மையத்தையும், வீடு வீடாகப் போய்ப் பழகிய அதன் பணியாளர்களையும் அப்படியே இதற்குத் திருப்பிவிட்டார்கள். புதிதாக ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

தொடர்புப் பட்டியலுக்கு மூத்தது நோயாளிகள் பதிவேடு. ஒருவருக்கு ஒரு வரி: வயது, பால், தொழில், ஊர், அறிகுறி தொடங்கிய தேதி, மருத்துவமனைக்கு வந்த தேதி, தனிமைப்படுத்திய தேதி, மாதிரி எடுத்த தேதி, விலங்குத் தொடர்பு, தெரிந்த நோயாளியோடு உள்ள உறவு. இந்த வரிகளை ஒழுங்காகப் படிக்காததால் மலேசியாவில் மாதக்கணக்கான காலம் வீணானது. 1998-99இல் அங்கே பரவிய மூளைக்காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் முடிவுகட்டி, கொசுவுக்குப் புகையடித்தார்கள். அதற்கான தடுப்பூசியையும் போட்டார்கள். ஆனால் பதிவேட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், பன்றிப் பண்ணைக்காரர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவதோ குழந்தைகளை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பண்ணைகளில் பன்றிகளும் கடுமையாக இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிபா. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தனர்.

தாங்கள் வெளியிடும் வரைபடங்களைப் பற்றியும் ஒரு சொல். அவை அறிவிப்புத் தேதியை வைத்து வரையப்படுகின்றன. விடுமுறை நாளில் ஆய்வகம் மூடியிருந்தால் கோடு இறங்கும், மறுநாள் எகிறும்; நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அறிகுறி தொடங்கிய தேதியை வைத்து வரைந்தால்தான் பரவலின் உண்மையான வடிவம் தெரியும். அப்போதும் கடைசிச் சில நாட்களை நம்பக் கூடாது. அந்த நாட்களில் நோயுற்றவர்களில் பலர் இன்னும் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

இனி ஆய்வகம். ‘பரிசோதனையில் இல்லை என்று வந்தது’ என்ற செய்தி பாதிச் செய்தி. எபோலாவில் அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நாட்கள் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருக்கலாம். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை அதைக் காணாமல் போகலாம். ஆகவே 72 மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரி ‘இல்லை’ என்றால், 72 மணி கடந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை ஆளை விடக் கூடாது. அறிகுறி தொடங்கிய தேதி எழுதப்படாத படிவத்தோடு வரும் மாதிரியில் ‘இல்லை’ என்ற முடிவுக்கு ஏறக்குறைய மதிப்பே கிடையாது. ஆய்வகத்துக்கு வரும் படிவங்களில் காலியாக இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டம்தான்.

மாதிரி எடுப்பதில் சறுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. உறைதல் தடுப்பான் ஈடிடிஏ உள்ள, ஊதா மூடியிட்ட பிளாஸ்டிக் குழாயில் சுமார் 4 மில்லி இரத்தம் வேண்டும். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரின், பிசிஆர் வினையையே தடுக்கும். நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். கண்ணாடிக் குழாய் கூடாது. 1976இல் காங்கோவின் யம்பூக்குவிலிருந்து பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குத் தெர்மாஸ் குடுவையில், உருகும் பனிக்கட்டி நடுவே வந்த இரத்தக் குழாய்களில் ஒன்று வழியில் உடைந்திருந்தது; அப்படி வந்த இரத்தத்தில்தான் பின்னர் எபோலா என்று பெயர் பெற்ற வைரஸ் இருந்தது. இன்று மூன்று அடுக்கு கட்டாயம்: கசியாத குழாய், அதைச் சுற்றி, உள்ளே இருப்பது முழுதும் கொட்டினாலும் உறிஞ்சும் அளவு உறிஞ்சுபொருள் வைத்த கசியாத இரண்டாம் கலம், அடி தாங்கும் வெளிப்பெட்டி. வழியெல்லாம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். படிவம் வெளிப்பெட்டிக்கும் இரண்டாம் கலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். குழாயோடு சேர்த்துச் சுற்றினால், குழாய் கசிந்த அன்று யாருடைய மாதிரி என்று படிக்கவும் முடியாது, படிவத்தைத் தொடவும் முடியாது.

தங்கள் பக்கத்தில் படமாக வந்த, உச்சப் பாதுகாப்புள்ள நான்காம் நிலை ஆய்வகம் எல்லா வேலைக்கும் தேவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உயிருள்ள வைரஸை வளர்ப்பதற்குத்தான் அது. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு; வெளியேறும் காற்று, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிகளைக் கடக்கும்; கழிவுநீர் சூடாக்கிக் கொல்லப்படும்; உடையோடு இரசாயனக் குளியல் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். நோய் உறுதி செய்யும் பிசிஆருக்கு வைரஸ் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. கையுறைப் பெட்டிக்குள் மாதிரியைச் செயலிழக்கச் செய்துவிட்டால், பாதிக்கப்பட்ட பகுதியிலேயே ஒரு தற்காலிக அறையில் சில மணி நேரத்தில் முடிவு சொல்லலாம். மாதிரி பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, முடிவு நான்காம் நாள் வருவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இடைப்பட்ட நாட்களில் பொது வார்டில் கிடக்கும் நோயாளியால் அளக்கப்படும்.

ஆபத்து ‘செயலிழந்துவிட்டது’ என்று நம்புவதில் இருக்கிறது. குவானிடின் உப்புள்ள சிதைவுக் கரைசல் மட்டும் போதும் என்று நெடுங்காலம் கருதினார்கள். எபோலா கலந்த மாதிரிகளில் அது மட்டும் போட்டால் வைரஸ் தப்பிவிடலாம் என்றும், அதன்பின் எத்தனாலும் சேர்த்தால்தான் முழுதாகச் சாகிறது என்றும் 2015 வாக்கில் சோதித்துக் காட்டினார்கள். 2003இல் சார்ஸ் அடங்கியபின் ஆய்வகங்களிலிருந்தே அது மூன்று ஊர்களில் ஆட்களைத் தொற்றியது. சிங்கப்பூரில், வேறொரு வைரஸோடு வேலை செய்த மாணவரின் மாதிரியில் சார்ஸ் கலந்திருந்தது. தைப்பேயில், நான்காம் நிலை ஆய்வகத்தில் கசிந்த கழிவைத் துடைத்தவருக்கு வந்தது. 2004இல் பெய்ஜிங்கில் சரியாகச் செயலிழக்கச் செய்யாத வைரஸ், பாதுகாப்புக் குறைந்த அறைக்குப் போனது. 9 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். மூன்றிலும் தவறியது வேலைமுறை. ஒவ்வொரு தொகுதியையும் செயலிழக்கச் செய்தபின் செல் வளர்ப்பில் ஊற்றி ஒன்றும் வளரவில்லை என்று உறுதிசெய்யும் அலுப்பான படி, விடுபடும் படிகளில் முதலாவது.

மருத்துவமனைகள் பரவலைப் பெருக்கும் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. யம்பூக்கு மிஷன் மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்கென ஒவ்வொரு காலையும் ஐந்து ஊசிகளும் சிரிஞ்சுகளும் கொடுக்கப்பட்டன. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே வெந்நீரில் அலசுவதோடு சரி. 318 பேர் பாதிக்கப்பட்டு 280 பேர் இறந்தனர். மருத்துவமனைப் பணியாளர்கள் 17 பேரில் 11 பேர் இறந்து அது மூடப்பட்டதே பரவல் தணிய உதவியது. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் 17 உயிர்களைப் பறித்த நிபாவும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான் ஆளுக்கு ஆள் தொற்றியது. எபோலாவின் உறவு வைரஸான மார்பர்க், 2024 செப்டம்பர் 27 அன்று ருவாண்டாவில் பரவுவதாக அறிவிக்கப்பட்டது; அந்தப் பரவலில் உறுதியான 66 பேரில் பெரும்பாலோர் சுகாதாரப் பணியாளர்கள். அங்கே உயிரிழப்பு 15 என்பதோடு நின்றது, மார்பர்க்குக்கு வியக்கத்தக்க குறைவு. நோயாளிகள் சீக்கிரமே கண்டறியப்பட்டதும், செயற்கை சுவாசம் வரை தீவிர சிகிச்சை கிடைத்ததும் அதில் பெரும் பங்கு வகித்தன.

பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதே ஆபத்தானது. வெப்பமான சூழலில் அந்த உடைக்குள் ஒரு மணி நேரம் தாங்குவதே அரிது. வியர்த்து, கண்ணாடி மங்கி, களைத்து வெளியே வருபவர் அவசரப்படுவார். அதனால்தான் எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏப்ரன், வெளிக் கையுறை, மேலுடை, கண்ணாடி, முகக்கவசம், உள் கையுறை. ஒவ்வொன்றுக்கும் இடையே கையைக் கழுவுதல். கண்ணாடியையும் முகக்கவசத்தையும் பின்னால் உள்ள பட்டையைப் பிடித்து, கண்ணை மூடி, முன்னோக்கி எடுக்க வேண்டும். முன்பக்கத்தைத் தொட்டால் அதுவரை பாதுகாத்ததெல்லாம் போயிற்று.

குளோரின் கரைசல் இரண்டு வலிமையில் வேண்டும். தரை, கழிவு, சிந்திய இரத்தம், சடலம் ஆகியவற்றுக்கு 0.5 சதவீதம், கைக்கு 0.05 சதவீதம். 70 சதவீதக் குளோரின் உள்ள குருணை என்றால் 20 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 143 கிராம், அதாவது தட்டையாக நிரப்பிய பத்து மேசைக்கரண்டி, 0.5 சதவீதம் தரும். ஒரு மேசைக்கரண்டி 0.05 சதவீதம் தரும். 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அதில் ஒரு பங்கை மறுபடி ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்தால் கைக்கான கரைசல். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போகும். இரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்தில் முதலில் துணியைப் போர்த்தி உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு கரைசலை ஊற்றிக் கால்மணி நேரம் விட வேண்டும். நேரே ஊற்றினால் குளோரின் முழுதும் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும், வைரஸ் அடியில் பத்திரமாக இருக்கும். இரண்டு வாளிகளிலும் பெரிய எழுத்தில் வலிமையை எழுதாத இடத்தில், ஒரு வாரத்துக்குள் கைகள் வெந்து போயிருக்கும்; வெந்த தோல் வைரஸுக்குத் திறந்த கதவு. ஆட்கள் மீது கரைசலைப் பீய்ச்சுவதும் தெருவெல்லாம் தெளிப்பதும் கூடாது. பயனில்லை, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. ஆனால் பத்திரிகைகளில் அதிகம் வரும் படம் அதுதான்!

எபோலாவில் இறந்தவரின் உடலில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். உடலைக் குளிப்பாட்டித் தொட்டு அழும் சடங்குகள் 2014-16 எபோலா பரவலின்போது மேற்கு ஆப்பிரிக்காவில் பல சங்கிலிகளைத் தொடங்கிவைத்தன. உறையில் கட்டி ஆள் தெரியாமல் புதைத்த வரை மக்கள் சடலங்களை ஒளித்தார்கள். குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கவும், மதகுரு பிரார்த்திக்கவும், குழி இருக்குமிடம் தெரியவும் வழிசெய்த நெறிமுறையை 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அதைப் பின்பற்றிய இடங்களில் ஒளிப்பது குறைந்தது.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. 2015இல் கினியில் நடந்த சோதனையில், நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களுக்கும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்கும் வளையமாகப் போட்டார்கள். உடனே போட்டுக்கொண்டவர்களில் பத்து நாட்களுக்குப் பின் யாருக்கும் எபோலா வரவில்லை. அதை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே வைத்துக் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒரு தொல்லை. வளையத்தை யாரைச் சுற்றி வரைவது என்பது தொடர்புப் பட்டியலில் இருந்து வருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். பட்டியல் ஓட்டையாக இருந்தால் வளையமும் ஓட்டைதான்.

வௌவால்கள் பற்றித் தங்கள் கட்டுரையில் இருந்த ஒரு வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. ‘பிடித்த வௌவால்களில் வைரஸ் இல்லை, எனவே வேறு காரணம் தேடப்படுகிறது’ என்று இருந்தது. வைரஸைச் சுமக்கும் வௌவால் கூட்டத்திலும் ஒரு நேரத்தில் அதை வெளியேற்றுபவை சிலவே, அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறும். நூற்றுக்கு இரண்டில் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொண்டு இருபது வௌவால்களைப் பிடித்தால், இருபதிலும் ‘இல்லை’ என்று வருவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒன்றிலாவது பிடிபடும் என்று 95 சதவீத உறுதி வேண்டுமானால் ஏறத்தாழ 150 பிடிக்க வேண்டும். கோழிக்கோட்டிலும் முதலில் எடுத்த விலங்கு மாதிரிகள் ‘இல்லை’ என்றுதான் வந்தன. பிற்பாடு பழந்தின்னி வௌவால்களில் நிபா கண்டறியப்பட்டது.

அப்படியானால் வௌவால்களை ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்கும் கடிதங்களும் தங்களுக்கு வரும். உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் வந்தபின் அங்கிருந்த வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் சிறு கூட்டமாகக் குடியேறின. 2012இல் அவற்றைச் சோதித்தபோது வைரஸ் இருந்தவை 13.3 சதவீதம், அழிப்பதற்கு முன் அது 5.1 சதவீதம். அதே ஆண்டு அருகிலுள்ள இபாண்டாவில் மார்பர்க் பரவியது. நோய் கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்ற பழைய வௌவால்கள் போய், எளிதில் தொற்றக்கூடிய புதியவை வந்து சேர்ந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கடைசி நோயாளி குணமாகி, பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தபின், அல்லது அடக்கம் செய்யப்பட்டபின், நோய் அரும்பும் காலத்தைப்போல் இரு மடங்கு, 42 நாட்கள், புதிய நோயாளி இல்லாமல் கடந்தால் பரவல் முடிந்ததாக அறிவிப்பார்கள். அதோடு செய்தியாளர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் குணமான ஆண்களின் விந்தில் எபோலா வைரஸ் மாதக்கணக்கில் தங்கலாம். அறிகுறி தொடங்கி மூன்று மாதத்தில் ஒரு பரிசோதனை, பிறகு மாதந்தோறும், இரண்டு முறை ‘இல்லை’ என்று வரும் வரை, அதுவரை ஆணுறை. 2021இல் கினியில் மீண்டும் எபோலா வந்தபோது, வைரஸின் மரபணு வரிசை 2014இன் வைரஸிலிருந்து மிகக் குறைவாகவே மாறியிருந்தது. தொடர்ந்து ஆளுக்கு ஆள் பரவியிருந்தாலோ விலங்குகளிடமிருந்து புதிதாக வந்திருந்தாலோ மாற்றங்கள் பல மடங்கு கூடியிருக்கும். பழைய பரவலில் பிழைத்த ஒருவரின் உடலில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து வந்ததாகவே கருதப்படுகிறது. இதைப் பிழைத்தவர்களை ஒதுக்கக் காரணமாக்கினால், அவர்கள் பரிசோதனைக்கே வர மாட்டார்கள்.

இதே காரணத்தால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியின் பெயரும் முகமும் வீட்டின் படமும் ஒரு நாள் அச்சில் வந்தால், அடுத்த நாள் விசாரணைக்குப் போகும் பணியாளரிடம் அந்தப் பகுதியில் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு மாறாக அவர் சென்ற இடம், தேதி, நேரம், வாகன வழித்தடம் ஆகியவற்றை மட்டும் சுகாதாரத் துறை தரும் வடிவிலேயே முதல் பக்கத்தில் போடுங்கள். ‘இந்த இடத்தில் இந்த நேரத்தில் இருந்தவர்கள் மருத்துவமனைக்கு நேராகப் போகாமல், முதலில் இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று அழைப்பு எண்ணோடு போடுங்கள். ‘நேராகப் போகாமல்’ என்பதைத் தடித்த எழுத்தில் போட்டால் நல்லது. அறிகுறி உள்ளவர் வெளிநோயாளிகள் வரிசையில் வந்து நின்றுவிட்டால், அந்த வரிசை முழுவதும் பட்டியலில் ஏற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தொற்றுநோய்க் கண்காணிப்பிலும் ஆய்வகப் பணியிலும் உள்ள வாசகர்கள்